ஒரு கருவியில் பறக்கும் கேம் இன்னொன்றில் ஏன் தவழ்கிறது?

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துக் கேம் சென்டர்களில் கூட்டம் சேர்ப்பது கால்பந்துதான். காலையில் மைதானத்தில் நிஜப் பந்தை உதைத்த பையன்கள், மாலையில் பிளேஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்து ஃபிஃபா ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவர், உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் அதே ஃபிஃபாவைப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பெயர் ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான். ஆனால் உள்ளே இருப்பது பழைய ஆட்டம். ஃபிஃபா 20 தொடங்கி ஃபிஃபா 23 வரை, ஸ்விட்ச்சுக்கு வந்த நான்கும் ‘லெகசி எடிஷன்’ என்ற அடைமொழியோடு வந்தவை. அணிப் பட்டியலையும் சட்டைகளையும் புதுப்பித்துவிட்டு, ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஸ்விட்ச் ஒன்றும் விற்காத கருவியல்ல. உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அத்தனை பேர் கையில் இருக்கும் கருவிக்கு ஏன் அரைகுறைச் சரக்கு? “நிண்டெண்டோ வாங்குகிறவர்கள் மரியோவைத் தவிர வேறெதையும் தொட மாட்டார்கள்” என்பது வழக்கமான பதில். அது நோயின் அறிகுறியைக் காரணம் என்று சொல்வது. காரணங்கள் அதற்கு வெகு முன்பே, கருவியை வடிவமைக்கும் மேசையிலேயே தொடங்கிவிடுகின்றன.

முதலில் சில சொற்கள்

கன்சோல் என்பது விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கணினி. அந்தக் கருவியைச் செய்த நிறுவனமே தயாரித்து வெளியிடும் கேம் ‘முதல் தரப்பு’. மரியோ நிண்டெண்டோவுடையது, காட் ஆஃப் வார் சோனியுடையது. கருவியோடு சம்பந்தமில்லாத வெளி நிறுவனங்கள் தயாரிப்பவை ‘மூன்றாம் தரப்பு’. ஃபிஃபாவைச் செய்த ஈஏ, உபிசாஃப்ட், காப்காம், கொனாமி எல்லாம் இந்த வகை. ஒரு கருவிக்கு எழுதிய கேமை இன்னொரு கருவியில் ஓடும்படி மாற்றி எழுதுவது ‘போர்ட்’. ஒளி, நிழல், மோதல், ஒலி போன்ற அடிப்படை வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் அடித்தள மென்பொருளுக்கு ‘எஞ்சின்’ என்று பெயர். இந்தக் கடைசிச் சொல்லை மறந்துவிட வேண்டாம். பல கேம்களின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது.

காசு யாருக்குப் போகிறது?

இணையக் கடையில் 100 ரூபாய்க்கு ஒரு கேம் விற்றால், அதில் சுமார் 30 ரூபாய் கருவியின் உரிமையாளருக்குப் போவது நெடுநாள் வழக்கம். பெட்டியில் போட்டு விற்றால் உரிமத் தொகை, தகடு அல்லது கார்டு தயாரிக்கும் செலவு, கடைக்காரர் லாபம் என்று கணக்கு மாறும். ஆனால் உரிமையாளருக்குப் பங்கு உண்டு என்பது மாறாது.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் முன்பக்கத்தில் தானே துணிக்கடை நடத்துகிறார். பின்பக்கக் கடைகளை மற்றத் துணி வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். வாடகையும் அவருக்கு, முதல் வாடிக்கையாளரும் அவருக்கு. படிக்கட்டை எங்கே வைப்பது, கதவு எவ்வளவு அகலம் என்பதையும் அவரே முடிவு செய்வார். எந்தக் கன்சோலிலும் வெளி நிறுவனத்தின் நிலை ஏறக்குறைய இதுதான்.

ஆனால் எல்லா உரிமையாளர்களுக்கும் வாடகைதாரர்கள் ஒரே அளவுக்குத் தேவைப்படுவதில்லை. 2006-இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கு அதை விற்றது சோனி. அந்த நஷ்டத்தைப் பிறர் கேம்களில் கிடைக்கும் பங்கில்தான் ஈடுகட்ட வேண்டும். அதே ஆண்டில் வந்த நிண்டெண்டோவின் வீ, முதல் நாளிலிருந்தே கருவி விற்பனையில் லாபம் பார்த்தது. போதாக்குறைக்கு அதன் சொந்தக் கேம்கள் அசுரத்தனமாக விற்கும். வீ-க்கு அடுத்து வந்து, தோல்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வீ யூ-வையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 1 கோடியே 35 லட்சம் கருவிகள். மரியோ கார்ட் 8 மட்டும் 84 லட்சம் பிரதிகள். கருவி வைத்திருந்த 100 பேரில் 60 பேருக்கு மேல் அதை வாங்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு முன்கடை இருந்தால், பின்கடைக்காரரின் முணுமுணுப்பு எவ்வளவு தூரம் காதில் விழும்?

கேசட் காலத்திலேயே தொடங்கிய தகராறு

1990-களில் தண்டையார்பேட்டை, ராயபுரம் வீடுகளில் டிவியில் மாட்டி ஆடிய மலிவு வீடியோ கேம்களில் பெரும்பாலானவை, நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள். ஒரு கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம்கள் என்று அட்டையில் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் சில டஜன்தான் தேறும். அவற்றில் எல்லோருக்கும் நினைவிருக்கும் கான்ட்ரா, நிண்டெண்டோ செய்ததல்ல. அது கொனாமியின் சரக்கு. அந்தக் காலத்தில் வெளியார் கேம்கள் செழித்துத்தான் இருந்தன. ஆனால் கழுத்தில் கயிறு கட்டப்பட்டிருந்தது.

1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்ற நிலையில் குப்பைகள் குவிந்தது அதற்கு ஒரு காரணம். 1985-இல் அமெரிக்காவுக்குள் நுழைந்த நிண்டெண்டோ அதிலிருந்து பாடம் கற்று, கருவிக்குள்ளேயே ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. சாவி தன்னிடம். உரிமம் வேண்டுமானால் ஆண்டுக்கு 5 கேம்களுக்கு மேல் கூடாது. அதே கேமை 2 ஆண்டுகளுக்கு வேறு கருவியில் விடக் கூடாது. கேசட்டுகளை நிண்டெண்டோவே தயாரிக்கும், நிறுவனங்கள் முன்பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்து என்ற வரம்பைத் தாண்ட, கொனாமி ‘அல்ட்ரா’ என்று இன்னொரு பெயரில் கடை விரித்த கதையும் நடந்தது.

சந்தையில் வேறு பெரிய கருவி இல்லாதவரை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். 1994 டிசம்பரில் சோனி பிளேஸ்டேஷனோடு வந்ததும் கயிறு அறுந்தது. சோனி தேர்ந்தெடுத்தது சிடி. ஒரு சிடியில் சுமார் 650 எம்பி. அச்சடிக்க ஆகும் செலவு சொற்பம். தீர்ந்துபோனால் சில நாட்களில் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம். 1996-இல் வந்த நிண்டெண்டோ 64 கேசட்டையே பிடித்துக்கொண்டது. அதில் மிகப் பெரிய கேசட்டே 64 எம்பிதான். விலையோ பல மடங்கு. தயாராகி வர வாரக்கணக்கில் ஆகும். அதிகம் வாங்கி விற்காமல் போனால் நஷ்டம் முழுவதும் வெளி நிறுவனத்தின் தலையில். குறைவாக வாங்கிக் கேம் ஓடிவிட்டால், மறு சரக்கு வருவதற்குள் சூடு ஆறிவிடும்.

கேசட்டுக்கு ஒரு நியாயமும் இருந்தது. தகவல் உடனே வரும், காத்திருக்க வேண்டியதில்லை, நகலெடுப்பதும் கடினம். நிண்டெண்டோவின் சொந்தக் கேம்களுக்கு அந்த வேகம் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் நீண்ட கதை, குரல் பதிவு, திரைப்படம் போன்ற காட்சிகள் என்று கனவு கண்ட வெளியாருக்கு அந்த இடம் போதாது. அதுவரை நிண்டெண்டோ கருவிகளிலேயே வந்துகொண்டிருந்த ஃபைனல் ஃபேன்டஸி வரிசையின் ஏழாவது கேம், 1997-இல் மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்குப் போனது. அதைச் செய்த ஸ்கொயர் நிறுவனம் நிண்டெண்டோ 64-க்கு ஒரு கேம்கூடச் செய்யவில்லை.

முடியவே முடியாது என்பதில்லை. பிளேஸ்டேஷனில் இரண்டு சிடிகளில் வந்த ரெசிடெண்ட் ஈவில் 2-ஐ, 1999-இல் ஒரே 64 எம்பி கேசட்டுக்குள் வீடியோ காட்சிகளோடு அடைத்துக் காட்டியது ஏஞ்சல் ஸ்டுடியோஸ் என்ற சிறிய நிறுவனம். வீடியோவை நசுக்கி, ஒலியைச் சுருக்கி, இன்றைக்குப் பார்த்தாலும் பொறியாளர்கள் வியக்கும் வேலை அது. ஆனால் அப்படிப்பட்ட சாகசத்தை ஒவ்வொரு கேமுக்கும் செய்ய எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. கடைசிக் கணக்கு: பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல், நிண்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி.

வித்தியாசமாகச் செய்தால் வரும் விலை

பெரிய கேமை உருவாக்கும் நிறுவனம், ஒரே நேரத்தில் மூன்று நான்கு கருவிகளில் விற்றால்தான் போட்ட பணத்தை எடுக்க முடியும். எனவே எந்த இரண்டு கருவிகள் ஒரே மாதிரி இருக்கின்றனவோ அவற்றை மனத்தில் வைத்துத்தான் வேலையைத் தொடங்கும். மூன்றாவது கருவி வேறு திசையில் நின்றால் பாதிப்பு அதற்குத்தான். அது பலவீனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

பிளேஸ்டேஷன் 3 அதற்கு நல்ல சாட்சி. அதன் செல் செயலியில் ஒரு முதன்மைப் பகுதியும் பல துணைப் பகுதிகளும் உண்டு. துணைப் பகுதிகளுக்கு வேலையைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கத் தெரிந்தவர்களிடம் அது அற்புதமாக ஓடியது. சோனியின் சொந்த ஸ்டுடியோக்களுக்கு அதைக் கற்றுக்கொள்ள நேரமும் காசும் இருந்தன. வெளியாருக்கு இரண்டும் இல்லை. நினைவகத்தையும் 256 எம்பி, 256 எம்பி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். போட்டியாளரான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-இல் 512 எம்பியும் ஒரே தொட்டி, தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். 2011-இல் வந்த ஸ்கைரிமை பிளேஸ்டேஷன் 3-இல் நீண்ட நேரம் ஆடியவர்களுக்கு இதன் விளைவு தெரியும். சேமித்த கோப்பு பெருக்கப் பெருக்க ஆட்டம் திணறியது. அதன் முதல் கூடுதல் தொகுப்பு எக்ஸ்பாக்ஸுக்கு 2012 ஜூனில் வந்தது. பிளேஸ்டேஷன் 3-க்கு 2013 பிப்ரவரியில்தான்.

வீ எதிர்த் திசையில் போன கருவி. உயர் தெளிவுத்திறன் கிடையாது, ஆற்றல் குறைவு, கையில் குச்சி போன்ற அசைவுக் கட்டுப்பாடு. அன்று பாதிக் கேம் உலகமே நம்பியிருந்த அன்ரியல் எஞ்சின் 3 அதில் ஓடாது. எனவே அந்தக் கேம்களை வீ-க்குப் போர்ட் செய்வது என்றால் ஏறக்குறைய முதலிலிருந்து எழுதுவது. 2007-இல் மற்றக் கருவிகளில் வந்த கால் ஆஃப் டூட்டி 4, வீ-க்கு வந்தது 2009-இல். அதற்குள் மற்றவர்கள் அடுத்த கேமை ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வட்டம் எப்படிச் சுழல்கிறது

2012 நவம்பரில் வந்த வீ யூ-வில் இது முழுச் சுற்றாக நடந்தது. வரிசையாகப் பார்ப்போம்.

1. வடிவமைப்பு. கையில் ஒரு திரை, பழைய பரம்பரைச் செயலி, மொத்தம் 2 ஜிபி நினைவகம். அதில் கேம்களுக்கு 1 ஜிபி. மறு ஆண்டே வந்த பிளேஸ்டேஷன் 4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் 8 ஜிபி.

2. எஞ்சின் கைவிடல். அன்ரியல் எஞ்சின் 4-ஐ வீ யூ-வுக்குக் கொண்டுவரும் எண்ணம் இல்லை என்று அதைச் செய்யும் எபிக் நிறுவனம் 2013-இல் சொல்லிவிட்டது. ஈஏ தன் பெரிய கேம்களையெல்லாம் ஃப்ராஸ்ட்பைட் எஞ்சினுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அதுவும் வீ யூ-வுக்கு வரவில்லை. தனித்தனியாக எந்தக் கேமையும் யாரும் மறுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அடித்தளம் இல்லாத இடத்தில் மாடி எழும்பாது.

3. மெலிந்த சரக்கு. வந்த சில கேம்களும் தாமதமாக அல்லது குறைத்து வந்தன. மாஸ் எஃபெக்ட் 3 வீ யூ-வில் முழு விலைக்கு விற்ற அதே மாதம், எக்ஸ்பாக்ஸ் 360-இல் ஏறக்குறைய அதே விலைக்கு வரிசையின் மூன்று கேம்களும் ஒரே பெட்டியில் கிடைத்தன.

4. குறைந்த விற்பனை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

5. முடிவுரை. “இந்தக் கருவிக்காரர்கள் நம் கேமை வாங்க மாட்டார்கள்.” உபிசாஃப்ட், வீ யூ-வுக்கு மட்டும் என்று அறிவித்திருந்த ரேமன் லெஜெண்ட்ஸைப் பல மாதங்கள் தள்ளிவைத்து எல்லாக் கருவிகளுக்கும் வெளியிட்டது. 2011-இல் மேடையேறி நிண்டெண்டோவோடு முன்னெப்போதும் இல்லாத கூட்டணி என்று பேசிய ஈஏ, நான்கே கேம்களோடு ஒதுங்கிக்கொண்டது.

மூன்றாம் எண்ணைத் தாண்டி நேரே நான்கிலிருந்து ஐந்துக்குத் தாவுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. விற்பனை எண் ஆவணத்தில் பதிவாகிறது. என்ன தரத்தில், எவ்வளவு தாமதமாக, எந்த விலைக்குக் கொடுத்தோம் என்பது பதிவாவதில்லை. அடுத்த கேமுக்குப் பணம் ஒதுக்கும் கூட்டத்தில் அந்த எண் மட்டும்தான் பேசும். ஃபிஃபாவின் ‘லெகசி’ பெட்டிகளும் இதே தர்க்கத்தின் பிள்ளைகள்தான் என்பது என் கணிப்பு.

மாறாகச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது?

வாங்குபவர்கள்தான் காரணம் என்றால், கருவிக்கேற்பச் செய்த வெளியார் கேம்களும் தோற்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. உபிசாஃப்டின் ஜஸ்ட் டான்ஸ் 2009-இல் வீ-க்கென்றே வந்தது. அசைவுக் கட்டுப்பாடு இல்லாமல் அந்தக் கேமே கிடையாது. அது ஓடிய ஓட்டத்தில், கருவி வந்து 13 ஆண்டுகள் ஆன 2019-இலும் வீ-க்குப் புதிய பதிப்பு போட்டார்கள்.

காப்காமின் மான்ஸ்டர் ஹண்டர் ரைஸ் 2021 மார்ச்சில் ஸ்விட்ச்சில் முதலில் வந்தது; கணினிக்கு 2022-இல், மற்றக் கன்சோல்களுக்கு 2023-இல். ஸ்விட்ச்சின் எல்லைகளுக்குள் என்ன முடியும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுச் செய்த கேம். சில நாட்களிலேயே 40 லட்சம் பிரதிகள் கடைகளுக்குப் போயின. ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட் போன்ற சிறு குழுக்களின் கேம்களுக்கும் ஸ்விட்ச் நல்ல வீடாக அமைந்தது. யூனிட்டி, அன்ரியல் ஆகிய இரண்டு எஞ்சின்களும் அதில் ஓடியது இதற்குப் பெரிய உதவி. நிண்டெண்டோ வீ யூ-வில் பட்ட அடி வீண் போகவில்லை.

நடுவில் ஒரு வகை உண்டு: சாமர்த்தியமான போர்ட். 2017-இல் பேனிக் பட்டன் நிறுவனம் ‘டூம்’ கேமை ஸ்விட்ச்சில் ஓட வைத்தது. காட்சியின் கூர்மை குறைந்தது, நொடிக்கு 60 படச் சட்டங்கள் (ஃபிரேம்கள்) 30 ஆயின, ஆட்டத்தின் உயிர் மட்டும் தப்பியது. மறுபக்கம் 2023-இன் மார்டல் காம்பாட் 1. மற்றக் கருவிகளின் விலையே ஸ்விட்ச்சுக்கும். முகங்கள் மெழுகுபோல் உருகி நின்று உலகமே கேலி செய்தது. அந்தப் பெட்டி விற்காவிட்டால் ஸ்விட்ச்காரர்களைக் குறை சொல்வது அபத்தம்.

நிண்டெண்டோவை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் சரியல்ல. மைக்ரோசாஃப்ட் 2020-இல் ஒரே தலைமுறையில் இரண்டு கருவிகள் விட்டது: 16 ஜிபி நினைவகத்தோடு சீரிஸ் எக்ஸ், 10 ஜிபியோடு மலிவான சீரிஸ் எஸ். இரண்டிலும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்பது விதி. பால்டர்ஸ் கேட் 3-இல் இருவர் திரையைப் பிரித்து ஆடும் வசதி எஸ்-இல் ஓடவில்லை. 2023 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த கேம், விதியைத் தளர்த்திய பிறகு டிசம்பரில்தான் எக்ஸ்பாக்ஸை எட்டியது.

ஸ்விட்ச் 2: கேசட்டின் பழைய கணக்கு, புதிய வடிவில்

2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2-இல் ஆற்றல் பெரிய தடையாக இல்லை. நினைவகம் 12 ஜிபி. முதல் ஸ்விட்ச்சில் 4 ஜிபிதான். சைபர்பங்க் 2077 முதல் நாளிலேயே, முழுவதும் 64 ஜிபி கார்டில் வந்தது. ஆனால் அப்படிச் செய்தவர்கள் குறைவு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 உட்படப் பல வெளியார் கேம்கள் ‘கேம் கீ கார்டு’ என்ற வடிவில் வருகின்றன. கார்டில் கேம் கிடையாது. திறப்பதற்கான உரிமை மட்டும் உண்டு. முழுக் கேமையும் இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். அப்புறமும் ஆடும்போது கார்டு செருகியிருக்க வேண்டும். பெரிய கார்டின் விலை இதற்கு ஒரு காரணம். கார்டிலிருந்து தகவல் வரும் வேகம் போதவில்லை என்று உபிசாஃப்ட் பக்கத்திலிருந்து ஒரு காரணமும் சொல்லப்பட்டது. நிண்டெண்டோவின் சொந்தக் கேம்கள் பெரும்பாலும் முழுதாகக் கார்டிலேயே வருகின்றன. கார்டு செய்பவரும் அதில் கேம் போடுபவரும் ஒருவரே என்றால் கணக்கு வேறு.

பர்மா பஜாரிலோ கைமாற்றாகவோ கார்டு வாங்கும் வட சென்னைக்காரருக்கு இதனால் நடைமுறையில் சில வேலைகள் கூடுகின்றன. கீ கார்டைக் கைமாற்றலாம், மறுபடி விற்கலாம். ஆனால் வாங்குகிறவர் அத்தனை ஜிபியையும் தன் கருவியில் மீண்டும் இறக்க வேண்டும். வீட்டில் வைஃபை இல்லாமல் கைப்பேசி டேட்டாவை நம்பியிருப்பவருக்கு, ஒரு பெரிய கேம் பல நாள் ஒதுக்கீட்டை விழுங்கிவிடும். அட்டையின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் கீ கார்டு என்ற குறிப்பு இருக்கும். காசு கொடுப்பதற்கு முன் அதைப் பார்ப்பது நல்லது. இணையக் கடையில் ஒரு கேமின் பெயரோடு ‘கிளவுட் வெர்ஷன்’ என்று இருந்தால், கேமை இறக்குவதற்குக்கூட வழியில்லை. கேம் எங்கோ தொலைவில் ஓட, படம் மட்டும் இணையம் வழியே வரும்.

கருவியின் 256 ஜிபி சேமிப்பு நிரம்பிய பிறகு மெமரி கார்டு வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்விட்ச் 2 கேம்களை ‘மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ்’ கார்டில் மட்டுமே சேமிக்க முடியும். கைப்பேசிக்குப் போடும் சாதாரண மைக்ரோஎஸ்டி கார்டு அதே அளவில் அதே துளையில் அழகாகப் பொருந்தும். பழைய ஸ்விட்ச்சில் எடுத்த படங்களைக் கொண்டுவர உதவும். கேம் மட்டும் அதில் ஏறாது.